வாய்பாடு கிளிப்பேச்சா?

வாய்பாட்டை மனனம் செய்விப்பது கிளிப்பேச்சு, பொருள் விளங்கினால் போதும் என்போர் பெருகிவிட்டனர். நாம் இதனை மறுக்கிறோம்.

ஒருவர் மனைவி, தாய், தந்தை, இரு புதல்வியரை விட்டு மறைகிறார். பங்குகள் முறையே 1/8, 1/6, 1/6. புதல்வியர் இருவருக்கும் சேர்த்து 2/3. சொத்தை 24 கூறாக்கினால் 3, 4, 4, 16. கூட்டினாலோ 27! முழுமையையே மிஞ்சிவிட்டதே, என் செய்வது? சிந்தனை இங்கேதான் தொடங்குகிறது. சொத்தை 27 கூறாக்கி, எல்லார் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாகிறது. ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே இவ்விடையை உடனே பகர்ந்தார்கள் என ஃபராயிள் நூல்கள் உரைக்கும். 24இல் ஆறிலொன்று எவ்வளவென்று விரல்விட்டு எண்ணும் மாணவனோ, அந்த 27ஐக் காணுமுன்பே களைத்துவிடுவான்.

காரணம் கூறாது, பிரம்பை ஓங்கி ஒப்பிக்கச் செய்த ஆசிரியர்கள் நம்மிடையே இருந்ததுண்டு. மனனத்தின்மீது வெறுப்பை விதைத்தவர்கள் அவர்களே. அதற்கு வாய்பாடு என்ன செய்யும்?

கைப்பேசியில் கணக்கிடலாமே என்பர். அது 1.125 என்று காட்டும். ஒன்றை ஏன் மிஞ்சிற்று என்று கேளாது. தந்தையை இழந்த வீட்டில், பங்கு பிரிக்க வந்த பெரியவர்முன் அமர்ந்திருக்கும் பெண்மக்கள், தமக்குரிய 16 கூறு சரிதானா என்று தாமே பார்த்துக்கொள்ள வேண்டாமா?