மும்பை பேக்கரிகள்: புகைபோக்கி சட்டப்படி இருந்தாலும் அடுப்பை மாற்றணுமா?

வடா பாவுக்கான பாவ், மும்பையில் இன்னமும் பல பேக்கரிகளில் விறகு அடுப்பில்தான் வேகிறது. விறகும் நிலக்கரியும் எரிக்கும் பேக்கரிகளும் உணவகங்களும் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025 ஜனவரி 9 அன்று பாம்பே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநகராட்சி முதலில் சொன்ன கெடு ஒரு வருஷம், அது பாதியானது. விறகு அடுப்போடு புது பேக்கரி தொடங்க இனி அனுமதியும் கிடையாது.

விதிப்படி கட்டின புகைபோக்கி இருக்கே, அது போதாதா? போதாது. கட்டட விதி பார்ப்பது தீ ஆபத்தையும் உயரத்தையும்தான்.

மத்திய அரசின் 2016 மாதிரி கட்டட விதிகளில் புகைபோக்கிக்கு இருப்பதே சில வரிகள். மொட்டைமாடி என்றால் குறைந்தது 0.9 மீட்டர் மேலே நீளணும், கைப்பிடிச் சுவரைவிடத் தாழக் கூடாது. சரிவுக் கூரை என்றால் முகட்டுக்கு மேல் 0.6 மீட்டர். கட்டும் முறைக்கு ஐஎஸ் 1645 என்ற தரக் குறியீடு, 1960-ஐச் சேர்ந்தது. (இது மாதிரிதான். சிம்லாவில் கணப்பு கட்டினாலும் சரி, மும்பையில் அடுப்பு கட்டினாலும் சரி, அந்தந்த ஊர் விதியே செல்லும்.)

உங்க அபார்ட்மென்ட் டீசல் ஜெனரேட்டருக்கும் இதே யோசனைதான். கட்டட உயரத்தோடு, கேவிஏ திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டணும். 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர்.

உயரம் கூடினால் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகாது. புகையின் அளவு அப்படியேதான் இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது வேறொரு சட்டம்: 1981-ன் காற்று மாசு தடுப்புச் சட்டம். அதன் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்.

மும்பையில் எரிவது எல்லாம் நல்ல விறகும் இல்லை. பாம்பே என்விரான்மென்டல் ஆக்‌ஷன் குரூப் 2024-ல் நடத்திய ஆய்வில், பார்த்த பேக்கரிகளில் சுமார் 47% விறகை நம்பியிருந்தன. பழைய மேஜை, கதவு, பலகை எல்லாம் அடுப்புக்குப் போகின்றன. விலை மலிவு, அதனால்தான். கூடவே பெயின்ட்டும் வார்னிஷும் எரிகின்றன. அடுப்படியில் நிற்கும் தொழிலாளிதான் அதை முதலில் சுவாசிக்கிறார்.

உத்தரவின் நோக்கம் சரி. ஆனால் ஆறு மாதக் கணக்கு எனக்கு இடிக்கிறது. செங்கல் அடுப்பு கட்டடத்தோடு சேர்ந்தது. அதை இடித்துப் புது அடுப்பு வைக்கணும். வாடகை இடம் என்றால் உரிமையாளர் சம்மதிக்கணும். தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்திருக்கணும். வரவில்லை என்றால் சிலிண்டர் அடுக்க இடமும் தீயணைப்புப் பாதுகாப்பும் வேணும். பெரிய பேக்கரி சமாளிக்கும். பாவ் மட்டும் சுடும் சின்னக் கடைக்கு, அடுப்பு அணைந்திருக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். கெடு வைத்தவர்கள் இந்தச் செலவுக்குக் கடன் உதவியையும், எல்லா அனுமதிக்கும் ஒரே ஜன்னலையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.