விரலுக்கு உறை எதற்கு?

எஃகுத் தந்தி பூட்டிய கிதாரை விரல்களால் மீட்டிப் பழக விரும்புகிறவர்கள், கடைக்குள் நுழைந்ததும் தந்தியை மீட்ட விரல்நுனியில் மாட்டும் உறைகளாக, கட்டைவிரலுக்கு ஒரு தம்ப்பிக்கும் ஏனைய விரல்களுக்கு இரண்டு மூன்று உலோக ஃபிங்கர்பிக்குகளும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். இது அவசரப்பட்ட காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

தந்தியைச் சதையால் தீண்டுவதா நகத்தால் தீண்டுவதா என்ற விவாதம் புதிதன்று. கிதார் வித்வான் பெர்னாண்டோ ஸோர் 1830இல் பாரிஸில் வெளியிட்ட பாடமுறை நூலில் நக வாசிப்பைச் சகிக்காதவராகவே பேசுகிறார். ஆயினும் நகத்தால் வாசித்த தம் சிநேகிதர் அகுவாதோவின் வித்வத்துக்கு அவரும் தலைவணங்கத்தான் செய்தார். பின்வந்த கிதார் வித்வான்களில் தாரெகா தம் இறுதிக் காலத்தில் நகங்களைக் களைந்துவிட்டார். செகோவியா நகமும் சதையும் கலந்த நாதத்தையே நாடினார். அவர்கள் மீட்டியவை குடல் நரம்பும், பிற்காலத்தில் நைலானும். எஃகுத் தந்தியோ நகத்தை அரம்போல் தேய்த்துவிடக்கூடியது. அதோடு, ஒலிபெருக்கி வசதியற்ற தெருக்களிலும் நடனக் கூடங்களிலும் பான்ஜோவுக்கும் பிடிலுக்கும் ஈடாகக் கிதாரின் குரல் எழும்ப வேண்டியிருந்தபடியால், அமெரிக்கக் கலைஞர்கள் பலர் பிக்குகளை நாடியது நியாயமே.

ஆனால் அவர்களும் எல்லா விரல்களையும் உறைக்குள் அடைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் பாடிய ரெவரண்ட் கேரி டேவிஸ், கட்டைவிரல், சுட்டுவிரல் என்ற இரண்டைக் கொண்டே அவ்வளவு சங்கீதத்தையும் எழுப்பினார். செட் அட்கின்ஸ் தம்ப்பிக் ஒன்றை மட்டும் அணிந்து மற்ற விரல்களை வெறுமையாகவே விட்டார். மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டுக்கோ எதுவுமே தேவைப்படவில்லை. தாழ்ஸ்வரங்களை இடைவிடாது நடத்திச் செல்லும் பொறுப்பு கட்டைவிரலுடையது. ஆகவே கனம் வேண்டியது அங்கேதான். மேல்தந்திகளில் ராகத்தை இழைக்கும் விரல்களுக்குத் தந்தியின் ஸ்பரிசம் தெரிய வேண்டும். எனவே முதலில் தம்ப்பிக் மாத்திரம் போதும் என்பேன். அதன் விலையும் அற்பமானதால், வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று வாங்கிப் பார்ப்பது உத்தமம்.

அதற்குப் பின்னும் சத்தம் போதாது என்று ஃபிங்கர்பிக்குகளை நாடுகிறவர், உலோகம் எது என்பதைவிடப் பொருத்தத்தையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தகட்டின் கனத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று குறிப்பார்கள். ஒரு பிரபல உற்பத்தியாளரிடம் 13 முதல் 25 வரை கிடைக்கிறது. புதியவருக்கு 18 அளவிலான ஜெர்மன் சில்வர் கையாலேயே வளைந்துகொடுக்கும். தகட்டை நகத்தின் மேல் மாட்டுவதாக மயங்குவோர் உண்டு. அது விரலின் சதைப்பக்கமே இருக்க வேண்டியது. நுனியின் வளைவைத் தழுவுமாறு அதை மடிக்காவிட்டால் தந்தியில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். வளையம் தளர்ந்தால் பிக் சுழலும், இறுகினால் விரல் மரத்துப்போகும். சாய்ந்த விளிம்பு தாழ்தந்திகளின் சுற்றுக் கம்பியில் உரசிக் கரகரக்கும். தகடு தந்தியைத் தட்டையாகச் சந்திக்கும்படி சற்றே திருப்பிவைத்தால் அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். பிளாஸ்டிக் பிக்கை வெந்நீரில் சற்று முக்கி எடுத்தால் விரலுக்கேற்ப இளகும். செல்லுலாய்டால் ஆன பிக் தீப்பற்றக்கூடியதாகையால் நெருப்பருகே கொண்டுபோகலாகாது.

எஃகுத் தந்திக் கிதார் கலைஞர் ஜான் ஃபாஹி போன்றோர் பிக்குகளோடு வாசித்ததைக் காட்டி என்னை மறுப்பவர்கள் இருக்கலாம். அதே மரபில் வந்த லியோ காட்கி, தசைநாண் உபாதையினால் பிக்குகளைத் துறந்து, வலக்கையின் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு வாசிக்க நேர்ந்தது என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கட்டும்.