தற்செயல் சுதந்திரம் ஆகாது

அணுவுக்குள் நிச்சயமின்மை இருப்பதால் மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு, எண்ணமே பருப்பொருளை வளைக்கிறது என்று தன்முனைப்பு உரைகளிலும் தியான வகுப்புகளிலும் சொல்லப்படுவதைக் குவாண்டம் இயற்பியலின் தலையில் கட்டுவது அநியாயம். ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர ஓர் எல்லைக்கு மேல் துல்லியமாக வரையறுக்க முடியாது என்பதே 1927-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் சொன்னது. அதைச் சொல்லும் சமன்பாட்டில் மனம் என்று ஒன்றுமில்லை. பார்ப்பவரின் மனமே அலையைத் துகளாக்குகிறது என்போர் 2004-இல் வெளியான வியன்னா சோதனையைப் படிக்க வேண்டும். 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைக் கடுமையாகச் சூடேற்றியதும் அவை உமிழ்ந்த ஒளியாலேயே அலைக்கோலம் அழிந்தது. அந்த ஒளியை எவரும் பார்க்கவில்லை.

சரி, மனத்தை விடுங்கள்; தற்செயலாவது சுதந்திரம் தருமா? பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையில் வாங்கும் ஒரு வாழைப்பழத்துக்குள் பொட்டாசியம்-40 அணுக்கள் நொடிக்குப் பத்துப் பதினைந்து சிதைகின்றன. அதைத் தின்பவர் உடம்பிலோ நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேல். அடுத்து எந்த அணு சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைவிடச் சுத்தமான நிச்சயமின்மை கிடையாது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நாம் எடுத்த முடிவு அல்ல. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காவடி எடுப்பவரைப் பாருங்கள். நேர்த்திக்கடன் இன்னதென்று அவருக்குத் தெரியும், பல நாள் விரதம் இருந்திருக்கிறார், கட்டாயம் வருவார் என்று வீட்டார் முன்பே சொல்லிவிடுவார்கள். அதனால் அவருடைய விருப்பம் குறைந்துவிட்டதா? ஓர் எலக்ட்ரானின் தற்செயலால் அவர் கை உயர்ந்திருந்தால் அதை வலிப்பு என்போம், வேண்டுதல் என்று சொல்லமாட்டோம்.

நரம்பணுவின் நுண்குழாய்களில் குவாண்டம் செயல்பாடு நடக்கிறது என்று இயற்பியலாளர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஹாமராஃபும் வாதிடுகிறார்கள். அவர்களை எளிதில் ஒதுக்கக் கூடாது. ஆனால் மூளையின் வெப்பத்தில் அத்தகைய குவாண்டம் நிலை ஒரு நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்காது என்று 2000-இல் இயற்பியலாளர் டெக்மார்க் கணக்கிட்டார். நரம்புத் துடிப்புக்கு மில்லிநொடி வேண்டும். அக்கணக்கை அவர்கள் மறுத்ததும் உண்மை. அவர்களே வென்றாலும் மூளைக்குள் இன்னொரு தற்செயல் சேரும், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? இல்லை. காரணங்களைச் சீர்தூக்கவும், ஆசையை அடக்கவும், கொடுத்த வாக்கைக் காக்கவும் முடிகிறதே, அதுதான் சுயவிருப்பம். அது தூக்கமின்மையால் தளரும், போதையால் நொறுங்கும், கடனால் நசுங்கும். சிகிச்சையால், கல்வியால், கைகொடுக்கும் உறவால் மீளும். குடியிலிருந்து மீளத் தவிப்பவரிடம் உன் எண்ணம்தான் உன் உலகத்தைப் படைத்தது என்று சொல்வது, அவருடைய நோயை அவர் மேலேயே குற்றமாகச் சுமத்துவது. அதற்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.