தலமும் தரிசனமும்: திருக்கோணமலைத் துறைமுகம்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள் பலர் கோணேசரைத் தரிசித்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடி, அன்றே யாழ்ப்பாணம் திரும்பிவிடுகின்றனர். தலத்தைக் கண்டவர்கள் துறையைக் காண்பதில்லை. ஆனால் திருக்கோணமலையில் இவ்விரண்டின் வரலாறும் வேறுவேறல்ல.

பெருங்கப்பல்களும் பயமின்றி ஒதுங்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் இது. அந்த ஆழமே ஊருக்கு வரமும் ஆயிற்று, வினையும் ஆயிற்று. திருஞானசம்பந்தர் பாடிய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். கோயில் இல்லாத காலத்திலும் அடியார்கள் மலையுச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபட்டனர். 1950இல் மண்ணுள் மறைந்திருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்றும் கோட்டை வாயிலைக் கடந்தே சந்நிதிக்குச் செல்லவேண்டும். அவ்வாயிலிற் பொறித்த கயல்களைக் காணாமற் செல்லற்க.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படைக்கு இன்றியமையாததாயிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கடற்படை விமானங்கள், 9ஆம் நாள் திருக்கோணமலைமேல் குண்டு பொழிந்தன. முதல்நாள் இரவே துறையைவிட்டு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அருகில் வந்துகொண்டிருந்த ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைக் கரைசேர்த்தது.

இக்கதையில் நமது ஒன்ராறியோவுக்கும் பங்குண்டு. சென். கதரின்ஸ் நகரிற் பிறந்த லெனாட் பேர்ச்சல் கனடிய விமானப்படை அதிகாரி. ஏப்ரல் 4ஆம் நாள் இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் யப்பானியக் கப்பற்படையை முதலிற் கண்டவர் அவரே. எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உடனிருந்த எண்மரில் மூவர் உயிரிழந்தனர். எஞ்சியோர் சிறைப்பட்டு யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே நோயுற்ற கைதிகளை வேலைக்கு அனுப்பக்கூடாதென்று காவலரை எதிர்த்து நின்று அவர் அடிபட்டார். 1945இல் விடுதலையான அவர், 2004இல் காலமானார். ‘இலங்கையின் மீட்பர்’ என்றே கனடியர் அவரை அழைத்தனர்.

இங்கு வந்து குடியேறிய நாம் இந்நாட்டிடம் பெற்றுக்கொண்டவர்கள் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அது உண்மையே. ஆயினும் நம்மில் எவரும் இங்கு வருமுன்பே, இந்த மண்ணின் மகன் ஒருவன் நமது கரைக்காக மூன்றரை ஆண்டுகள் சிறையிருந்தான் என்பதையும் அவர்கள் அறியவேண்டும்.

அடுத்தமுறை செல்வோர் ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். கோணேசரை வணங்கியபின் நிலாவெளி வீதியிலுள்ள போர்வீரர் மயானத்துக்கும் செல்லுங்கள். பல நாடுகளிலும் பிறந்த இளைஞர் அங்கே வரிசையாகத் துயில்கின்றனர். பெயர்களைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். பிதிர்க்கடன் நம் குலத்தாருக்கு மட்டும் உரியதன்று.