திறந்திருந்ததா, திறக்கப்பட்டதா?

ஆங்கிலத்தில் பெயரடையை எங்கே இடுவது, வினையின் மூன்றாம் வடிவமாகிய பாஸ்ட் பார்ட்டிசிப்பிளை எங்கே இடுவது என்னும் ஐயம், வெளியூர்களில் அலுவல் பார்க்கும் நம்மவர் பலருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் உண்டு. அதனை இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

காலையில் அலுவலகத்திற்கு முதலில் சென்ற ஒருவர், அலமாரி பூட்டப்படாமல் திறந்து கிடக்கக் காண்கிறார் என்று கொள்வோம். மேலதிகாரிக்கு அவர் 'தி அல்மைரா வாஸ் ஓப்பன்' என்று எழுதினால், கண்ட நிலையை உரைத்தவர் ஆவார். 'தி அல்மைரா வாஸ் ஓப்பண்ட்' என்று எழுதிவிட்டாலோ, யாரோ அதனைத் திறந்தனர் என்பது பொருளாகிவிடும். திறந்தவர் யார் என்ற வினா உடனே எழும். குற்றமற்றவர் மீது பழி விழவும் கூடும். ஒரு விகுதி செய்யும் வேலை இது!

இம்மயக்கம் நமக்கு ஏன் வருகிறது? 'திறந்த கதவு', 'இறந்த மனிதர்' என நம் பெயரெச்சம் ஒன்றே நிலை, நிகழ்ச்சி ஆகிய இரண்டையும் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்திலோ அவை வெவ்வேறு சொற்கள். இறந்தார் என்னும் நிகழ்ச்சிக்கு 'ஹி டைட்'. அவர் உயிருடன் இல்லை என்னும் நிலைக்கு 'ஹி இஸ் டெட்'. இரண்டையும் கலந்து 'ஹி இஸ் டைட்' என்பது பிழை.

மயக்கம் தந்த தமிழிலேயே மருந்தும் இருக்கிறது. கருத்தை முழு வாக்கியமாக மனத்துள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'திறந்திருந்தது' என்று 'இரு' வந்தால் அது நிலை; பெயரடையை இடுக. 'திறக்கப்பட்டது' என்று 'படு' வந்தால் அது செயல். மூன்றாம் வடிவத்தை இடுக. தொட்டி காலியாக இருந்தது எனில் 'எம்ப்டி'. காலி செய்யப்பட்டது எனில் 'எம்ப்டீட்'. அறை தூய்மையாக இருந்தது எனில் 'க்ளீன்'. தூய்மை செய்யப்பட்டது எனில் 'க்ளீண்ட்'.

இதற்கு விலக்கும் உண்டு. மூடியிருக்கும் நிலையைக் கூற 'க்ளோஸ்' என்றால், அது 'அருகில்' என்று பொருள்பட்டுவிடும். எனவே 'க்ளோஸ்ட்' என்னும் மூன்றாம் வடிவமே அங்குப் பெயரடையாகவும் நிற்கிறது. கடை வாயிற்பலகையின் ஒருபுறம் 'ஓப்பன்' என்றும் மறுபுறம் 'க்ளோஸ்ட்' என்றும் இருப்பது இதனாலேயே. உடைந்திருப்பதைக் குறிக்கும் 'ப்ரோக்கன்', களைத்திருப்பதைக் குறிக்கும் 'டயர்ட்' ஆகியனவும் இவ்வினத்தவை. இத்தகையவற்றைப் பழகியே அறிதல் வேண்டும்.

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் நம்மிடையே உளர். 'இருந்தது' வேறு, 'பட்டது' வேறு என்று தமிழில் உணர்ந்த பிள்ளைக்கே இவ்வுரைகல் பயன்படும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.