விண்கலத்திற்கு பிரேக் உண்டா?

ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஒரு தாவுத் தாவியதும் நின்றுவிடும். அடுத்த முறை இடமோ வலமோ, ஆடுபவர் விருப்பம். சதுரங்கக் குதிரையும் அப்படியே. முன்பு எந்தத் திசையில் நகர்ந்தோம் என்பது இந்தக் காய்களுக்குப் பொருட்டே அன்று. தரையில் நடக்கும் போருக்கு இது போதும். ஆனால் விண்வெளிப் போர் என்று சொல்லி ஆடும் ஆட்டங்களிலும் கலங்களை இப்படியே நகர்த்துவது சரியன்று என்பது என் கருத்து.

ஓடும் பேருந்தின் இன்ஜினை அணைத்தால், தரையின் உராய்வும் காற்றின் தடையும் சேர்ந்து அதை நிறுத்திவிடும். விண்வெளியில் அந்த உதவி கிடையாது. இன்ஜின் அணைந்தாலும் கலம் போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டுமானால் எதிர்த்திசையில் உந்த வேண்டும். நியூட்டனின் முதல் விதி கூறுவது இதுவே அல்லவா?

இதை ஆட்டத்தில் கொண்டுவருவது எளிது. கட்டம் போட்ட தாள் ஒன்றும், காய்களாக இரண்டு சிறு பொம்மைகளும் போதும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற எங்கள் விருத்தாசலத்தில் பொம்மைகளுக்குப் பஞ்சமில்லை. விதிகள் மூன்று:

1. சென்ற முறை எத்தனை கட்டம், எத்திசையில் நகர்ந்ததோ, இம்முறையும் கலம் அப்படியே நகரும்.

2. இன்ஜினை இயக்கினால், போய்ச் சேரும் இடத்தை ஒரு கட்டம் முன்னோ பின்னோ, இடமோ வலமோ மாற்றலாம்.

3. அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் எரிபொருளாக ஒரு புளியங்கொட்டை செலவு. சும்மா மிதந்து சென்றால் செலவில்லை.

இது புதிய யோசனை அன்று. 1973-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ட்ரைபிளானட்டரி' என்னும் ஆட்டம் இம்முறையில் அமைந்ததே. அதில் கோள்களின் ஈர்ப்பும் கணக்கில் வரும்.

"இது சிறுவர்களுக்குக் கடினம், ஆட்டத்தின் விறுவிறுப்பு போய்விடும்" என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். எதிரியை வேகமாகத் துரத்துபவர், நிறுத்த முடியாமல் அவரைத் தாண்டிப் போய்விடுவார். எப்போது வேகத்தைக் குறைப்பது என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். விறுவிறுப்பு அதில்தானே இருக்கிறது!

உண்மைக் கலங்களுக்கும் இதே சோதனைதான். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 இறங்குகலத்தின் வேகக் குறைப்பு திட்டப்படி அமையாததால், அது நிலவில் மோதியது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, விநாடிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மெல்லத் தரையிறங்கியது. 2025 ஜனவரி 16 அன்று 'ஸ்பேடெக்ஸ்' திட்டத்தில் நம் இரு செயற்கைக்கோள்கள் விண்வெளியில் ஒன்றோடொன்று இணைந்தன. அவை ஒரே இடத்திற்கு வந்தால் மட்டும் போதாது. வேகமும் திசையும் ஒத்திருக்க வேண்டும். நம் தாளில் இரு காய்களை அப்படி இணைக்க முயன்று பாருங்கள், அதன் அருமை புரியும்.

விதியை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். அதை வைத்து ஆடித் தோற்றவருக்கோ, அது என்றும் மறக்காது. பள்ளி அறிவியல் மன்றங்கள் இவ்வாட்டத்தை நடத்த வேண்டும்.

முறைக்கு 3 கட்டம் செல்லும் கலம், அடுத்து 2, பின் 1 என நகர்ந்து, மொத்தம் 3 கட்டங்களில் நிற்கும். முறைக்கு 6 கட்டம் சென்றால்? இருமடங்கு தூரம் போதுமா? தாளை எடுங்கள், போட்டுப் பாருங்கள்!