கணக்கு உதைக்காத காடு

பத்து வருஷத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் எட்டுப் பேர் சேர்ந்து, ஒரு சமையல்காரரை வைத்து மெஸ் நடத்திக்கொண்டிருந்தோம். எட்டில் பி.காம். நான் ஒருவன்தான் என்பதால் கணக்கு நோட்டு என் தலையில். மாதத்துக்கு ஒருவர் முறை வைத்துக் காய்கறி, மளிகை வாங்கி வருவார். ஒரு மாதம் கூட்டிப் பார்த்தால் 1,140 ரூபாய் உதைத்தது. மூன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கடை பில்லையும் நோட்டையும் வைத்துத் துருவியதில் ஆள் அகப்பட்டுவிட்டார். பெயர் வேண்டாம். எங்களில் மூத்தவர். ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பது கொஞ்சம் பொறுத்து. முதலில் ஆப்பிரிக்கா போய்விட்டு வந்துவிடலாம். டிக்கெட், விசா எதுவும் வேண்டாம். மேனேஜர் இந்தப் பக்கம் வந்தால் மட்டும் பத்திரிகையை ஃபைலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கில் இதுரி என்று ஒரு மழைக்காடு. மரங்கள் மேலே கை கோத்துக்கொண்டு நிற்பதால், வெயில் தரையைத் தொடுவதற்கே சிபாரிசு வேண்டும். இங்கே வாழும் வேட்டைக்காரர்களுக்கு ‘ம்புட்டி’ என்று பெயர். (நம் ஊர்ப் பக்கம் ‘இம்புட்டு’ என்பார்களே, அதைப் பாதியில் முழுங்கினால் சரியான உச்சரிப்பு வந்துவிடும்.) ஆண்களே சராசரியாக ஐந்தடிக்குக் கீழேதான். பாடப் புத்தகத்தில் ‘பிக்மி’ என்று படித்திருப்போம். அது முழங்கை அளவைக் குறிக்கும் கிரேக்க வார்த்தையிலிருந்து வந்தது. ஒரு ஜனத்தைக் கூப்பிட அளவுகோல் எதற்கு? நாம் ம்புட்டி என்றே சொல்லுவோம்.

இவர்களைப் பற்றி உலகத்துக்கு விஸ்தாரமாகச் சொன்னவர் காலின் டர்ன்புல் என்ற ஆங்கிலேயர். நம் காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு, திரும்பும் வழியில் 1951-ல் இதுரிக்குள் நுழைந்தவர். அதன் பிறகு திரும்பத் திரும்பப் போனார். 1957, 58-ல் அவர்கள் குடிசையிலேயே தங்கி, கூடவே அலைந்தார். 1961-ல் ‘தி ஃபாரஸ்ட் பீப்பிள்’ என்ற புத்தகம் வந்தது.

படிக்க ஆரம்பித்தபோது என் பி.காம். புத்தி முதலில் தேடியது: யார் முதலாளி? யார் தலைவர்? யார் கணக்கு எழுதுகிறார்? மூன்றுக்கும் ஒரே பதில். யாரும் கிடையாது!

இவர்கள் வேட்டை நம் சினிமாவில் வருகிற மாதிரி ஒற்றை ஹீரோ ஈட்டியோடு பாய்வது இல்லை. வலை வேட்டை. கல்யாணமான ஒவ்வொருவரிடமும் காட்டுக் கொடி நாரில் முடைந்த வலை ஒன்று இருக்கும். நாலடி உயரம். நீளம் நூறு அடியிலிருந்து முந்நூறு அடி வரை. காலையில் எல்லாரும் கிளம்பி, அவரவர் வலையை ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல அரை வட்டமாகக் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் நிற்பார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து பெண்களும் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டே வருவார்கள். மிரண்டு ஓடும் சின்னச் சின்ன மான்கள் வலையில் மாட்டும்.

யார் வலையில் விழுந்ததோ அது அவருடையது. ஆனால், முகாமுக்கு வருகிறவரைதான் அந்தப் பேச்சு. அங்கே வந்ததும் வெட்டிப் பங்கு போட்டுவிடுவார்கள். ஒன்றும் விழாதவர் வீட்டிலும் அன்றைக்குக் கறி உண்டு. பங்கு கொடுத்தவருக்குத் தாங்க்ஸ் கிடையாது, வாங்கியவருக்குக் கூச்சமும் கிடையாது. காரணம் ரொம்ப லௌகீகமானது. தனியாக வலை கட்டினால் மான் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆறேழு வலையாவது சேர வேண்டும். மிச்சம் பிடித்து வைக்கலாம் என்றால், அந்தப் புழுக்கத்தில் கறி இரண்டு நாள் தாங்காது. அந்த ஊரில் டெபாஸிட் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் வயிறுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் திருட்டுத்தனம் பண்ணினால்?

பண்ணினார். செஃபு என்று பெயர். நாலைந்து குடும்பத்தோடு முகாமில் சற்றுத் தள்ளியே குடிசை போட்டுக்கொள்கிறவர். ‘எனக்கு அதிர்ஷ்டமே இல்லை’ என்று சதா புலம்புகிறவர். (உங்கள் செக்‌ஷனிலும் ஒருவர் இருப்பாரே!) ஒரு நாள், யாரும் பார்க்காத நேரத்தில் தன் வலையைக் கொண்டு போய் மற்றவர்கள் வலைக்கு முன்னால் கட்டிவிட்டார். விரட்டப்பட்ட மிருகங்கள் முதலில் அவர் வலையில்தானே விழும்? விழுந்தது. விஷயமும் வெளியே வந்துவிட்டது.

சாயந்தரம் முகாமில் ஒரு பயங்கரமான அமைதி. செஃபு ஒன்றும் நடக்காத மாதிரி நெருப்பைச் சுற்றியிருந்த ஆண்கள் நடுவே வந்தார். உட்கார இடமில்லை. பெரியவர் வந்தால் எழுந்துகொள்ளும் சின்னப் பையன் அசையவே இல்லை. கேட்டதற்கு, மிருகம் தரையில்தான் கிடக்கும் என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. அதற்கப்புறம் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். முதலில், வழி தெரியாமல் தனியாகப் போய்விட்டேன் என்று சமாளித்தார் செஃபு. எடுபடவில்லை. கோபம் வந்து, நான் என் கூட்டத்துக்குத் தலைவன், எனக்கு நல்ல இடம் வேண்டாமா என்று கேட்டுத் தொலைத்தார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பெரியவர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: ம்புட்டிகளில் தலைவர் என்று யாரும் கிடையாது. நீ தலைவன் என்றால் நீ ம்புட்டி இல்லை. உன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்த் தலைவனாக இரு.

நாலைந்து வலையை வைத்துக்கொண்டு அந்தக் காட்டில் பிழைக்க முடியாது என்பது செஃபுவுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டார். எல்லாக் கறியையும் கொடுத்துவிடுகிறேன் என்றார். உடனே மொத்தக் கூட்டமும் அவர் குடிசைக்குப் போய், கூரைக்கு அடியில் ஒளித்தது, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது வரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. செஃபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பட்டினியால் செத்துப்போவேன் என்று அழுகிறார். ஒருவர்கூட இரக்கப்படவில்லை. சிரித்தார்கள்.

இவ்வளவுதான் கதை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். இந்த மாதிரி பஞ்சாயத்து நமக்கு ஒன்றும் புதிதில்லை.

அன்றைக்கு ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒருவர் மட்டும் சத்தமில்லாமல் எழுந்து இருட்டுக்குள் போனார். கையில் ஒரு சட்டி. மனைவி சமைத்த கறியும் காளான் குழம்பும். போன இடம் செஃபுவின் குடிசை. கொஞ்ச நேரம் கழித்து, நெருப்பைச் சுற்றி ஆண்கள் பாட ஆரம்பித்தபோது, கூட்டத்தோடு கூட்டமாகச் செஃபுவும் பாடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தேன். மேன்ஷனில் நாங்கள் செய்தது ஞாபகம் வந்துவிட்டது. அண்ணனை நடுவில் நிற்க வைத்து, நான் நோட்டிலிருந்து தேதி வாரியாக வாசித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நாளையிலிருந்து வெளியில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்’ என்றோம். ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஏழு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அன்றைக்கு வத்தக்குழம்பு. எட்டாவது ஆளின் சாதம் பாத்திரத்தில் அப்படியே இருந்தது. ஒருவனுக்கும் ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை. காலையில் ரூம் காலி.

சரி, இதுரிக்குத் திரும்புவோம். அங்கே குடிசை கட்டுவது பெண்கள் வேலை. குச்சிகளை வளைத்து நட்டு, அகல இலைகளை ஓடு மாதிரி செருகினால் வீடு தயார். கட்டியவள் என்பதால் வீடு அவளுடையது. புருஷனோடு சண்டை வந்தால் பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்னால், வீட்டையே பிரிக்க ஆரம்பிப்பாள். பாதியில் புருஷன் சமாதானத்துக்கு வந்துவிடுவது வழக்கம்.

ஒரு தடவை ஒரு வீறாப்பான புருஷன் வரவே இல்லை. அவளும் நிறுத்தாமல் இலை முழுவதையும் பிடுங்கிவிட்டாள். இனிக் குச்சியைப் பிடுங்கினால் கல்யாணமே காலி. அவளுக்கு அழுகை. அவருக்கும் உள்ளுக்குள் உதறல். அப்போது அவர் சொன்னாராம், குச்சி இருக்கட்டும், அழுக்கு இலையில்தானே என்று. ஒரு கணம் விழித்தவள் புரிந்துகொண்டாள். இருவருமாக இலையைச் சுமந்து போய் ஓடையில் அலசிக்கொண்டு வந்து திரும்பச் செருகினார்கள். வீட்டு இலையை யாரும் அலசுவது கிடையாது. ஆனால் அடுத்த இரண்டு மூன்று நாள், மற்றப் பெண்களும் ‘இலையில் பூச்சி ஜாஸ்தியாகிவிட்டது’ என்று பேசிக்கொண்டு, ஆளுக்கு நாலு இலையை ஓடைக்கு எடுத்துப் போய் அலசினார்களாம்! புதிதாகக் கல்யாணமானவர்கள் கவனிக்க.

டர்ன்புல் காதல் கண்ணோடு பார்த்துவிட்டார், காட்டுக்கு வெளியே உள்ள விவசாயிகளோடு ம்புட்டிகளுக்கு இருக்கும் பந்தத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். கறியும் தேனும் கொடுத்துவிட்டு வாழைக்காய், மரவள்ளிக் கிழங்கு, இரும்புச் சாமான் வாங்கி வருவது அவர்கள் வாழ்க்கையில் பெரிய பங்கு. அந்தக் கொடுக்கல் வாங்கலில் கிராமத்துக்காரர் கைதான் பல சமயம் மேலே.

பிறகு தராசு காட்டுக்குள்ளேயே வந்தது. 1970களில் அங்கே ஆராய்ந்த ஜான் ஹார்ட் என்ற அமெரிக்கர், வியாபாரிகள் வேட்டை முகாமுக்கே வந்து, அரிசி, மரவள்ளி மாவு, புகையிலை, துணி கொடுத்துக் கறியை வாங்கிக்கொண்டு போவதைப் பற்றி 1978-ல் எழுதினார். கறி விற்கலாம் என்று வந்துவிட்டால் பக்கத்து வீட்டு வயிறு எதற்கு? செஃபு அன்றைக்குத் தலைவனாக முடியாமல் போனது, வாங்க ஆள் இல்லாததால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1992-ல் இதுரியின் ஒரு பகுதியை ஒகாபி வனவிலங்குக் காப்பகம் ஆக்கினார்கள். ஒகாபி, ஒட்டகச்சிவிங்கியின் சொந்தக்காரப் பிராணி. வெளியுலகுக்கு அதைப் பற்றித் துப்புக் கொடுத்தவர்களே இந்தக் காட்டு ஜனங்கள்தான். உகாண்டாவில், 1991-ல் ப்விண்டி காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, பாட்வா என்ற இவர்களின் இனத்தாரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது அங்கே டூரிஸ்டுகள் டாலர் கட்டிக் கொரில்லா பார்க்கிறார்கள். இதுரியில் அந்த அளவுக்குப் போகவில்லை. ம்புட்டிகள் காப்பகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் 1998-ல் ஆரம்பித்த யுத்தம், பிறகு தங்கம் தோண்டுகிறவர்கள், துப்பாக்கிக் கும்பல்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று. 2012 ஜூனில் ஒரு கும்பல் காப்பகத்தின் தலைமையிடமான எபுலுவில் புகுந்து ஆட்களைக் கொன்று, அங்கே வளர்த்துக்கொண்டிருந்த 14 ஒகாபிகளையும் சுட்டுத் தள்ளியது.

தராசுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் அந்தக் கட்சி. இதை எழுதுவதற்காகப் பெட்டியைக் குடைந்து அந்த மெஸ் நோட்டைத் தேடி எடுத்தேன். 1,140 ரூபாய்க்கு எதிரே, சிவப்பு மையில், என் கையெழுத்தில், ‘வசூல் ஆகவில்லை’ என்று இருந்தது. அண்ணனுக்கு விருத்தாசலம் பக்கம் ஏதோ கிராமம் என்று ஞாபகம். மற்ற ஆறு பேரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஊர்ப் பெயர் ஒருவனுக்கும் தெரியவில்லை.